டெல்லர் என்ன சொல்கிறார்?

கேள்வி: வங்கியில் பணம் எண்ணித் தருபவருக்கு ‘டெல்லர்’ என்று ஏன் பெயர்? ‘டெல்’ என்றால் சொல்வதுதானே, அவர் யாரிடம் என்ன சொல்கிறார்?

பதில்: அவர் ஒன்றும் சொல்ல வேண்டாம், எண்ணினால் போதும். பழைய ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல் ‘டெல்லன்’ என்று இருந்தது. எண்ணுவது, கணக்கிடுவது, எடுத்துரைப்பது எல்லாமே அதன் பொருள்கள். உருப்படிகளை ஒன்று விடாமல் வரிசையாக எண்ணுகிறவரும், நடந்ததை ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்கிறவரும் செய்வது ஏறக்குறைய ஒரே வேலைதான் என்று யோசித்தால் இதில் வியப்பே இல்லை. டச்சு மொழியில் ‘டெல்லன்’ என்றால் இன்றைக்கும் எண்ணுவதுதான். ஜெர்மனில் ‘ட்ஸேலன்’ எண்ணுவது, அதற்கு முன்னால் ஓர் ‘எர்’ சேர்த்து ‘எர்ட்ஸேலன்’ என்றால் கதை சொல்வது. லத்தீன் வழியில் வந்த சொற்களிலும் இதே கதைதான்: ‘கவுன்ட்’ என்றால் எண்ணு, ‘ரீகவுன்ட்’ என்றால் விவரித்துச் சொல், ‘அக்கவுன்ட்’ என்றாலோ கணக்கும் ஆகும், நடந்ததைப் பற்றிய விவரமும் ஆகும்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பின்போது வாக்குகளை எண்ணும் உறுப்பினர்களும் ‘டெல்லர்’கள்தான். ஜெபமாலை உருட்டுவதை ‘டெல்லிங் பீட்ஸ்’ என்பார்கள், மணிகளை எண்ணுவது. (அந்த ‘பீட்’ என்ற சொல்லுக்கே முதலில் ஜெபம் என்றுதான் பொருள், மணி என்ற பொருள் அப்புறம் வந்தது.)

1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வானத்தைக் காட்டி, உன்னால் முடிந்தால் நட்சத்திரங்களை எண்ணிப் பார் என்று கடவுள் ஆபிராமிடம் சொல்லும் இடத்தில் இருப்பது ‘டெல் த ஸ்டார்ஸ்’. இதை ‘நட்சத்திரங்களிடம் சொல்’ என்று படித்தால் அந்த வசனமே குலைந்துபோகும். யாத்திராகமத்தில் எகிப்தின் அடிமைகள் கொடுக்க வேண்டிய ‘டேல் ஆஃப் பிரிக்ஸ்’ வருகிறது. அது செங்கல்லின் கதை அல்ல, கறாராக வசூலிக்கப்பட்ட செங்கல் எண்ணிக்கை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘லலெக்ரோ’ கவிதையில் இருக்கிறது. மரத்தடியில் ஒவ்வோர் ஆட்டிடையனும் தன் ‘டேலை’ ‘டெல்’ செய்கிறான் என்று ஒரு வரி. காதல் கதை பேசுகிறான் என்று படிப்பவர்கள் உண்டு, ஆடுகளை எண்ணுகிறான் என்று படிப்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. அது காலை நேரம். அதற்கு முந்தைய வரிகளில் உழவன் சீழ்க்கை அடித்தபடி உழுகிறான், பால்காரப் பெண் பாடிக்கொண்டு போகிறாள், புல் அறுப்பவன் அரிவாளைத் தீட்டுகிறான். எல்லோரும் அவரவர் வேலையைத் தொடங்கும்போது இடையன் மட்டும் உட்கார்ந்து கதை பேசுவானா?

கேள்வி: ‘அன்டோல்ட் வெல்த்’ என்றால் யாருக்கும் சொல்லாத, மறைத்து வைத்த சொத்தா?

பதில்: இல்லை, எண்ணி முடியாத சொத்து. ‘ஆல் டோல்ட்’ என்பதும் அப்படித்தான், எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் மொத்தம் இவ்வளவு என்று அர்த்தம். திட்டுவதைக் குறிக்கும் ‘டெல் ஆஃப்’கூட முதலில் ஆட்களை எண்ணிப் பிரித்து ஒரு வேலைக்கு அனுப்புவதைத்தான் குறித்தது, திட்டு பின்னால் சேர்ந்தது. ‘ஐ கான்ட் டெல்’ என்றால் எனக்குப் பிடிபடவில்லை என்று அர்த்தம். இரட்டையரில் யார் மூத்தவர் என்று பிரித்தறிய முடியாதபோது சொல்வது. கணக்கிடுவதற்கும் புரிந்துகொள்வதற்கும் உள்ள தூரம் குறைவு, நம் ‘எண்ணு’ என்ற சொல்லே கணக்கிடுவதற்கும் நினைப்பதற்கும் நிற்கிறது.

கேள்வி: ‘டோல்ட் டு மீ’ என்று சொல்லலாமா?

பதில்: வேண்டாம். ‘செட் டு மீ’ சரி, ‘டோல்ட் மீ’ சரி. ‘டெல்’லுக்குப் பின்னால் கேட்பவர் நேரடியாக வந்துவிடுவார், நடுவில் ‘டு’ தேவையில்லை. தமிழில் ‘என்னிடம் சொன்னார்’ என்று வேற்றுமை உருபு போட்டே பழகியதால் நமக்கு அந்த ‘டு’ தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘ஹீ டோல்ட் தட்’ என்று கேட்பவரே இல்லாமல் ஆரம்பிப்பதும் தவறு, அங்கே ‘செட் தட்’ போடுங்கள். ஆனால் பொய், உண்மை, கதை, நேரம் இவற்றோடு ‘டெல்’ கேட்பவர் இல்லாமலே வரும்: ‘டெல் எ லை’, ‘டெல் த டைம்’.

கேள்வி: டெலிபோன், டோல்கேட் இரண்டும் ‘டெல்’லிலிருந்து வந்தவையா?

பதில்: இரண்டும் இல்லை. ‘டெலி’ தொலைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ‘டோல்’ வரியைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல், லத்தீன் வழியாக வந்தது. தொல்லியல் மேடுகளின் பெயரில் வரும் ‘டெல்’ அரபு மொழியில் மேடு என்பதற்கான சொல்.