குரைத்தால் ஷாக் அடிக்கும் காலர்: கைதா, ஐம்பது ரூபாயா?

கேள்வி: வக்கீல் ஐயா, எனக்கு வயது 61. வங்கி வேலையில் ஓய்வு பெற்று, காரைக்குடிக்குப் பக்கத்தில் சொந்த ஊரில், எங்கள் ஐயா கட்டிய வீட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம். வீடு ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பங்களுக்குப் பொது. மற்ற பங்காளிகள் சென்னை, கோவை, மலேசியா என்று இருக்கிறார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவதோடு சரி. துணைக்கு ஒரு பொமரேனியன் வளர்க்கிறோம், நாலு கிலோகூட இருக்காது. போன தடவை படைப்புக்கு வந்த அண்ணன் முறைப் பங்காளி ஒருவர், ராத்திரி முழுக்க நாய் குரைத்துத் தூக்கம் கெட்டது என்று சத்தம் போட்டார். ஊருக்குப் போன பிறகு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். பொது வீட்டில் நாய் வைக்கக் கூடாதாம், 15 நாளில் அகற்ற வேண்டுமாம். பயந்துபோய் ஆன்லைனில் 2,350 ரூபாய்க்கு, குரைத்தால் தானாக ஷாக் கொடுக்கும் காலர் வாங்கிப் போட்டேன். 'சிறிய நாய்களுக்கும் பாதுகாப்பானது, வலி இல்லாதது' என்று விளம்பரத்தில் இருந்தது. பத்து நாள், ராத்திரியிலும் கழற்றவில்லை. கழுத்தில் இரண்டு புண். பீப் சத்தம் கேட்டாலே நின்ற இடத்தில் ஒண்ணுக்குப் போகிறது. எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் இதையெல்லாம் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு போலீஸுக்குப் போவேன் என்கிறாள். என்னைக் கைது செய்வார்களா? நாயை அகற்றத்தான் வேண்டுமா? காலர் விற்றவரிடம் பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

பதில்: காலரைக் கழற்றிவிட்டீர்களா என்பது உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. இன்னும் கழுத்தில் இருந்தால் மேற்கொண்டு படிக்காமல் முதலில் போய்க் கழற்றுங்கள். கழற்றியதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், கழுவவும் வேண்டாம். அது வந்த டப்பா, உள்ளே மடித்து வைத்திருந்த தாள், காலர் மூன்றையும் ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி வையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அப்புறம் நாயை அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், புண் எதனால் வந்தது என்று ஒளிக்காமல் சொல்லி, சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இதே மாதிரி ஒரு காலரை ஒருவர் என் மேஜைமேல் வைத்தபோது எடுத்துப் பார்த்திருக்கிறேன். தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் பெட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோக முனைகள். முனை தோலில் பட்டால்தான் வேலை செய்யும். பொமரேனியனுக்கோ கழுத்து முழுக்க அடர்ந்த முடி. முடியைத் தாண்டித் தோலில் பட வேண்டும் என்று பட்டையை இறுக்குவார்கள். இறுக்கிய முனை ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அழுத்தினால் ஷாக்கே அடிக்காவிட்டாலும் தோல் செத்துப் புண்ணாகும். படுத்தே கிடக்கும் நோயாளிக்கு முதுகில் வருகிற அதே புண்தான். பலர் இதைக் கரண்ட் சுட்ட காயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சின்ன இனங்களுக்கு மூச்சுக்குழாய் வேறு பலவீனம். இறுக்கிக் கட்டும் எந்தப் பட்டையுமே அவற்றுக்கு ஆகாது. சத்தத்தைக் கேட்டு வேலை செய்யும் ரகமாக இருந்தால் தெருவில் வேறு நாய் குரைத்தாலும் உங்கள் நாய்க்கு ஷாக் விழலாம். தான் எதற்காக அடிவாங்குகிறோம் என்றே அதற்குத் தெரியாது. அந்த நேரத்தில் எதிரே நிற்பது நீங்களோ பேரப்பிள்ளையோ என்றால், வலிக்குக் காரணம் அவர்கள்தான் என்று அது எடுத்துக்கொள்ளவும் கூடும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் எலக்ட்ரிக் காலர் என்ற சொல்லே கிடையாது. அந்தச் சட்டம் பொருளைப் பார்ப்பதில்லை, வலியைப் பார்க்கிறது. பிராணியை வைத்திருப்பவர் அதன் நலத்தைக் காக்க வேண்டும், தேவையில்லாத வலி நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது பிரிவு 3. அடித்தாலும் உதைத்தாலும் வேறு எந்த வகையில் தேவையற்ற வலி கொடுத்தாலும், உரிமையாளர் அதை அனுமதித்தாலும் குற்றம் என்கிறது பிரிவு 11(1)(அ). 'தேவையற்ற' என்ற அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் கதை நிற்கிறது.

மாட்டுக்கு மூக்கு குத்திக் கயிறு போடுகிறோமே, அதைவிடவா இது வலி என்று ஊரில் யாராவது கேட்பார்கள். மூக்கணாங்கயிறு போடுவது, கொம்பு தீய்ப்பது, காயடிப்பது, சூடு போடுவது ஆகியவற்றை, விதிப்படி செய்தால் குற்றமில்லை என்று அதே பிரிவு 11-இன் 3-ஆம் உட்பிரிவு பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது. நாய்க்கு ஷாக் கொடுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கிற மண்ணில் இருக்கும் உங்களுக்கு, ஜல்லிக்கட்டைத் தடை செய்த 2014 மே மாதத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மறந்திருக்காது. பயம், வலி, பசி முதலானவற்றிலிருந்து பிராணிக்கு விடுதலை வேண்டும் என்ற ஐந்து விடுதலைகளைப் பிரிவு 3-உடனும் 11-உடனும் சேர்த்து வாசித்த தீர்ப்பு அது. பிறகு 2017-இல் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது, 2023-இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. ஆனால் அந்த விலக்கு காளைகளுக்கு. பொமரேனியனுக்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. வெளிநாட்டில் சிலர் இன்னும் நேராகப் போயிருக்கிறார்கள். வேல்ஸ் நாடு 2010-இலேயே இந்தக் காலர்களை நாய்க்கும் பூனைக்கும் போடக் கூடாது என்று தடை செய்துவிட்டது. அது இங்கே செல்லாது என்றாலும், வாதத்தில் எடுத்துக் காட்டலாம்.

ஆக, குற்றச்சாட்டு வர இடமிருக்கிறதா என்றால் இருக்கிறது. பத்து நாள் கழற்றாமல் விட்டதுதான் உங்களுக்கு எதிரான பெரிய விஷயம். முதல் நாளே நாய் சுருண்டதைப் பார்த்துக் கழற்றியிருந்தால், தெரியாமல் செய்தேன் என்பதற்கு எடை இருந்திருக்கும்.

ஆனால் கைது பயம் வேண்டாம். பிரிவு 11(1)(அ) குற்றம், போலீஸ் தானாகவே வழக்குப் பதிந்து வாரண்ட் இல்லாமல் கைது செய்யும் வகையில் சேராது. அந்தப் பெண் ஸ்டேஷனுக்குப் போனால் புகாரைக் குறித்துக்கொண்டு, நீதித்துறை நடுவரிடம் போகச் சொல்ல வேண்டும். நடுவர் உத்தரவு இருந்தால்தான் விசாரணை. குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால், பிரிவு 36-இன்படி அதன் பிறகு தொடுக்க முடியாது. தண்டனை எவ்வளவு தெரியுமா? முதல் குற்றத்துக்குக் குறைந்தது பத்து ரூபாய், அதிகபட்சம் ஐம்பது. ஆமாம், தட்டச்சுப் பிழை இல்லை. 1960-இல் ஐம்பது ரூபாய் பெரிய பணம், இன்று காரைக்குடியில் இரண்டு காபிக்குச் சரியாக இருக்கும். 2014 தீர்ப்பிலேயே இந்தத் தண்டனை போதாது, நாடாளுமன்றம் கூட்ட வேண்டும் என்று நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள்.

ஐம்பது ரூபாய்தானே என்று காலரைத் திரும்ப மாட்டிவிடாதீர்கள். மூன்று வருடத்துக்குள் இரண்டாவது தடவை என்றால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அதைவிட, பிரிவு 29-ஐப் பாருங்கள். உங்களிடம் விட்டால் பிராணி மேலும் வதைபடும் என்று சாட்சியங்களிலிருந்து தெரிந்தால், தண்டனையோடு சேர்த்து நாயையே உங்களிடமிருந்து எடுத்துவிட நீதிமன்றத்தால் முடியும். கழற்றிய தேதியும் மருந்தகச் சீட்டும் இந்த இடத்தில்தான் கை கொடுக்கும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 325 என்று ஒன்று இருக்கிறது. பிராணியைக் கொன்றால், விஷம் வைத்தால், ஊனமாக்கினால் ஐந்து வருடம் வரை. யாராவது அதைச் சொல்லி மிரட்டினால் மிரள வேண்டாம். அதற்கு நஷ்டம் விளைவிக்கும் எண்ணம் வேண்டும். சொந்த நாயின் கழுத்தில் ஆறக்கூடிய புண் அந்த அளவுக்குப் போகாது.

அந்தப் பெண்மேல் கோபப்படாதீர்கள், பதிலுக்குப் புகார் கொடுக்கவும் கிளம்பாதீர்கள். முற்றத்து வழியாக எட்டிப் பார்த்தாள், அனுமதி இல்லாமல் எடுத்தாள் என்றெல்லாம் வாதம் கட்டலாம்தான். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. உங்கள் மனைவியை அனுப்பி, 'காலரைக் கழற்றிவிட்டோம், மருந்து போடுகிறோம், நீயே வந்து பாரம்மா' என்று கூப்பிடச் சொல்லுங்கள்.

இனி பங்காளி. நோட்டீஸைப் பார்த்துப் பயந்து காலர் வாங்கினேன் என்கிறீர்கள். வக்கீல் நோட்டீஸ் என்பது கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் தன் தாளில் எழுதி அனுப்புவது. அது நீதிமன்ற உத்தரவு இல்லை. 15 நாள் என்பது அவர்கள் வைத்த கெடு. அந்தக் கெடுவுக்குள் பதில் மட்டும் போய்விட வேண்டும், பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

பாகம் பிரிக்காத பொது வீட்டில் ஒவ்வொரு பங்காளிக்கும் முகப்பு முதல் பின்கட்டு வரை முழு வீட்டிலும் உரிமை உண்டு. மற்றவரின் உரிமையைத் தடுக்காதவரை அங்கே குடியிருக்கலாம், புழங்கலாம். ஒரு பங்காளி இன்னொரு பங்காளிக்கு 'இதை வை, அதை வைக்காதே' என்று கட்டளை போட முடியாது. குரைப்பு உண்மையிலேயே தாங்க முடியாத தொல்லை என்றால் அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்டு வழக்குப் போடலாம். அப்போது அவர் வருடத்தில் எத்தனை ராத்திரி அந்த வீட்டில் படுக்கிறார் என்ற கேள்வி முதலில் வரும். அடுக்குமாடிச் சங்கங்களை மனதில் வைத்து இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும், குரைப்பதைக் காரணமாகச் சொல்லி நாய் வளர்ப்பைத் தடை செய்ய முடியாது என்கின்றன. அதே தாளில், இடைவிடாத குரைப்பு அக்கம்பக்கத்துக்குத் தொல்லை, ராத்திரியில் நாயை அமைதியாக வைத்துக்கொள்ளப் பாருங்கள் என்றும் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் பதிலில் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டாவது பாதியைப் படித்துக் காட்டுவார்.

உங்கள் பங்காளி சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிப் பட்டாலையும் அறைகளுமாக, தரை முழுக்க ஆத்தங்குடிக் கல் போட்ட வீட்டில் ஒரு குரைப்பு நாலாக எதிரொலிக்கும். வருடம் முழுக்க இரண்டே பேர் நடமாடும் வீட்டில் படைப்பன்று அறுபது பேர் வந்து இறங்கினால் எந்த நாயும் குரைக்கும். அதன் கணக்கில் அது காவல் பார்க்கிறது. எனவே பதிலில் சட்டத்தோடு ஒரு ஏற்பாட்டையும் எழுதுங்கள். படைப்பு, கல்யாணம், சாந்தி என்று வீடு நிறையும் நாட்களில் நாய் பின்னால் இருக்கும் மூன்றாங்கட்டில் இருக்கும், அல்லது காரைக்குடியில் தெரிந்தவர் வீட்டில் இருக்கும். படைப்பு அறைப் பக்கமும் சமையல் கட்டுப் பக்கமும் அது வராது. வெறிநாய்த் தடுப்பூசி அட்டை நகல் இத்துடன் இணைத்திருக்கிறேன். இவ்வளவு போதும். மூன்றாங்கட்டில் ஒரேயடியாகச் சின்னச் சங்கிலியில் கட்டிப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள், அதுவும் பிரிவு 11-இல் குற்றம்தான்.

அவர் ஒத்துக்கொண்டால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிடிவாதம் பிடித்தால், வழக்குக்கு முன்பே வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். கட்டணம் இல்லை. அங்கே எழுதும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. நாயில் ஆரம்பித்த நோட்டீஸ் பாகப்பிரிவினை வழக்காக முடிந்த வீடுகள் உண்டு. அதில் இழுபட்டு, ஓடு சரிந்து, பர்மா தேக்குத் தூண்கள் பழம்பொருள் கடைக்குப் போனதும் உண்டு.

கடைசியாகப் பணம். உங்களுக்குச் சட்டம் நன்றாகத் துணை நிற்பது இங்கேதான். விளம்பரத்தில் சின்ன நாய்க்கும் பாதுகாப்பு என்று போட்டிருக்கிறார்கள். இந்த வகைக் காலர்கள் பலவற்றில், உள்ளே வரும் தாளில் இத்தனை கிலோவுக்குக் குறைந்த நாய்க்குப் போடக் கூடாது, இத்தனை மணி நேரத்துக்கு மேல் போட்டு வைக்கக் கூடாது என்று பொடி எழுத்தில் இருக்கும். உங்கள் தாளிலும் எடை வரம்பு நாலு கிலோவுக்கு மேலே இருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது தவறாக வழிநடத்தும் விளம்பரம். விற்பனைப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு இருக்காது. விற்ற தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதிலும் நடக்கவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். காலர் விலையோடு மருத்துவச் செலவையும் மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் கேளுங்கள்.

ஒரு இடைஞ்சல் இருக்கிறது. தாளில் ராத்திரி போடாதே என்றும் இருந்தால், 'படிக்காமல் போட்டது உங்கள் தப்பு' என்பார்கள், இழப்பீடு குறையலாம். அதற்காகப் பத்து நாளை இரண்டு நாள் என்று குறைத்து எழுதிவிடாதீர்கள். எதிர்வீட்டு வீடியோவில் தேதி இருக்கும். நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு, பதற்றத்தில் எழுத வேண்டியதில்லை. நோட்டீஸுக்குப் பதில்தான் அவசரம். அது உங்கள் கைக்கு வந்த தேதியைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. கவரில் தபால் முத்திரை இருக்கும், அதிலிருந்து எண்ணிப் பாருங்கள். நாள் குறைவாக இருந்தால் கவரையும் நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே உள்ளூர் வக்கீல் யாரையாவது பாருங்கள்.