வீட்டுக்குள் எட்டுப் பீரியட் வேண்டாம்

கேள்வி: நாங்கள் கோவையில் இருக்கிறோம். போன ஜூனில் பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். மகளுக்கு 10 வயது, ஐந்தாம் வகுப்புப் பாடம் முடித்திருக்கிறாள். மகனுக்கு 7. காலை 9 முதல் மாலை 3.30 வரை எட்டுப் பீரியட் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஆடி மாதத்தைத் தாண்டவில்லை. 28,000 ரூபாய் கொடுத்து வாங்கிய வெளிநாட்டுப் பாடத்திட்டப் பெட்டியில் பாதியை இன்னும் பிரிக்கவே இல்லை. மகன் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். என் கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். “ஜூனுக்குள் வருஷம் முழுக்க பிளான் எழுதிக் காட்டு, இல்லாட்டி ஸ்கூல்ல சேர்த்துடலாம்” என்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை, “படிப்பை நிறுத்திட்டாங்க” என்று சொல்லிவிடுகிறார். சமச்சீரா, சி.பி.எஸ்.இ.யா, வேறு ஏதாவதா? எங்கிருந்து தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: முதலில் அந்த அட்டவணையைச் சுவரிலிருந்து எடுங்கள். ஆடி வரை ஓட்டியதே பெரிய விஷயம். எட்டுப் பீரியட் என்பது நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துச் சமாளிப்பதற்கான ஏற்பாடு. வருகைப் பதிவு, நோட்டுத் திருத்தம், சத்தத்தை அடக்குவது, வரிசையில் நிற்க வைப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 800 மணி நேரமும், ஆறு முதல் எட்டு வரை 1,000 மணி நேரமும் கற்பிக்கச் சொல்கிறது. அதுவும் பள்ளிக்கூடத்துக்குச் சொன்ன கணக்கு. எதிரில் ஒரே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது, உங்கள் மகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் தாராளம். மகனுக்கு ஒன்றரை மணி நேரம், அதையும் இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்து. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் சும்மா இருந்தால் இருக்கட்டும்.

அடுத்து, எந்தப் பாடத்திட்டம் என்ற கேள்வி. இதை ஆறாம் வகுப்பிலிருந்து பார்த்தால் குழப்பம்தான் வரும். பத்தாம் வகுப்பிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். எப்படிப் படித்தாலும் ஒரு நாள் மகள் ஏதாவதொரு பொதுத்தேர்வு எழுதியாக வேண்டும். உங்களுக்கு எட்டக்கூடிய வழிகள் இரண்டு. ஒன்று, நம் மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு. 12½ வயது நிரம்பினால் எட்டாம் வகுப்புத் தேர்வை நேரடியாக எழுதலாம். அதில் தேறி, 14½ வயதும் ஆகிவிட்டால் பத்தாம் வகுப்பு எழுதலாம். அறிவியல் செய்முறைக்கு மட்டும் முன்கூட்டியே பதிவு செய்து, ஒதுக்கப்படும் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போக வேண்டியிருக்கும். இன்னொன்று என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்கள் போதும், அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கிறது. ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து ஆண்டுக்குள் முடித்தால் சரி. வெளிநாட்டு வாரியமான கேம்பிரிட்ஜின் தேர்வையும் தனியாக எழுதலாம்தான். ஆனால் பாடத்துக்குப் பாடம் கட்டணம் கட்ட வேண்டும், பையில் பெரிய ஓட்டை விழும். கணவர் ஏற்கெனவே யோசிக்கிறார் என்பதால் அந்தப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

இரண்டில் எது என்று இன்றைக்கே முடிவு செய்ய அவசியமில்லை. மகளுக்கு 12 ஆகும்போது செய்துகொள்ளலாம். அதுவரை சமச்சீர்ப் புத்தகங்களை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் எல்லா வகுப்புப் புத்தகங்களும் இணையத்தில் இலவசம், தமிழ் வழியும் ஆங்கில வழியும் கிடைக்கும். 2018 முதல் வந்த புத்தகங்கள், குறிப்பாக அறிவியலும் சமூக அறிவியலும், பழைய நினைப்போடு திறப்பவர்களை ஆச்சரியப்படுத்தும். அதோடு, எப்போதாவது பள்ளிக்குத் திரும்ப நேர்ந்தால் பிள்ளைக்கு அந்நியமாகத் தெரியாது. வேண்டுமானால் கணக்குக்கு மட்டும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் புத்தகத்தில் இருக்கும் வரிசைக்கு நீங்கள் அடிமை இல்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். சமச்சீர் ஆறாம் வகுப்புக் கணக்கில் விகிதமும் விகிதச் சமமும் முதல் பருவத்தில் வருகின்றன, பின்னம் மூன்றாம் பருவத்தில் வருகிறது. பின்னம் சரியாகப் புரியாத பிள்ளைக்கு விகிதம் வெறும் சூத்திரமாகத்தான் போய்ச் சேரும். பத்து வயதில் கணக்கைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளையும் விட்டுவிடும் பிள்ளையும் பிரியும் இடம் பெரும்பாலும் பின்னம்தான் என்பது என் கருத்து. ஆகவே ஜூன், ஜூலை இரண்டு மாதமும் பின்னத்தில் உட்காருங்கள். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் உள்ளதைத் திரும்பப் போட்டுவிட்டு, நேராக ஆறாம் வகுப்பின் மூன்றாம் பருவப் புத்தகத்தைத் திறங்கள். பக்கம் தள்ளிப்போகிறதே என்று கவலை வேண்டாம். இதுகூட முடியாதென்றால் வீட்டில் வைத்துப் படிக்க வைப்பதற்கு என்ன அர்த்தம்?

இந்த இடத்தில்தான் உங்கள் கணவர் வேண்டும். லேத் பட்டறையைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது பெட்டி வாங்குவார்களா? அங்கே பின்னம் சுவரெல்லாம் தொங்குகிறது. எட்டு நூல் ஓர் அங்குலம், நாலு நூல் போல்ட் என்றால் அரை அங்குலம், மூன்று நூல் என்றால் எட்டில் மூன்று. ஸ்பானர் செட்டைச் சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கச் சொன்னால், 3/8 பெரிதா 7/16 பெரிதா என்ற கேள்வி தானாக வரும். தசமத்துக்கு வெர்னியர் காலிப்பர். 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கும் கருவி ஒன்று கையில் கிடைத்தால், தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டாவது இடம் எதற்கு என்று பிள்ளைக்கு விளக்க வேண்டியே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை, மெஷின் எதுவும் ஓடாத நேரத்தில், ஒரு மணி நேரம். இதை அவர் பொறுப்பில் விடுங்கள். வெளியில் நின்று “பிளான் எங்கே” என்று கேட்பவரை உள்ளே இழுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இனி அவர் கேட்ட வருடத் திட்டம். வருடம் முழுவதற்கும் எழுதாதீர்கள். பத்து வாரத்துக்கு மட்டும் விவரமாக எழுதுங்கள், ஜூன் தொடக்கம் முதல் ஆகஸ்ட் நடுவரை. அதற்கப்புறம் உள்ளதை ஒரே பக்கத்தில், மாதத்துக்கு இரண்டு வரியாகக் குறித்தால் போதும். பத்து வாரத்திலும் ஒன்பது வாரத்துக்குத்தான் பாடம் போட வேண்டும். ஒரு வாரம் காலி. காய்ச்சல், கல்யாணம், ஊரிலிருந்து வரும் விருந்தாளி எல்லாம் அந்த வாரத்துக்குள் போகட்டும். புரட்டாசி, ஐப்பசியில் நவராத்திரி, தீபாவளி என்று நாள் போவதே தெரியாது. அந்தப் பகுதியில் புதுப் பாடம் குறைவாகவும் வாசிப்பும் கைவேலையும் அதிகமாகவும் வைத்துக்கொள்ளலாம். மார்ச் மாதம் முழுக்கத் திரும்பிப் பார்ப்பதற்கு.

திட்டத்தைவிட முக்கியமானது ஒரு நோட்டு. ராத்திரி ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்றைக்கு உண்மையிலேயே என்ன நடந்தது என்று எழுதுங்கள். “பின்னம் 6 கணக்கு, 2 தப்பு. வகுத்தலில் தடுமாறுகிறாள். மாலையில் தேன்சிட்டுக் கூடு பார்த்தோம்.” இவ்வளவுதான். மாதக் கடைசியில் அந்த நோட்டோடு பிள்ளை செய்த நான்கைந்து தாள்களையும் சேர்த்துக் கணவரிடம் கொடுங்கள். அவர் பிளான் கேட்பதற்குக் காரணம் பயம். ஜூனில் எழுதிய பிளான் அந்தப் பயத்தைப் போக்காது, செப்டம்பரில் காட்டும் நோட்டு போக்கும்.

தினமும் தவறக் கூடாதவை கணக்கு, தமிழ், ஆங்கிலம் மூன்றும். அறிவியல், வரலாறு, புவியியலுக்குத் தனித்தனிப் பீரியட் வேண்டாம், ஒரே விஷயத்தைப் பிடித்து மூன்றையும் அதில் தொங்கவிடலாம். கோவையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் தொடங்கி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் கலக்கிறது. மகள் வயதுப் பிள்ளைக்கு ஒரு பருவம் முழுக்க இதில் வேலை இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் சிறுவாணி மலையடிவாரம் பக்கம் போய்த் தண்ணீரைப் பார்க்கலாம். கோவைக் குற்றாலத்துக்குப் போவதாக இருந்தால் வனத்துறை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வெள்ளம் வந்தால் மூடிவிடுவார்கள். அப்புறம் ஆற்றங்கரையில் இருக்கும் பேரூர். அப்புறம் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம். ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பிக் குளத்துக்குக் குளம் நிரப்பிய அந்த ஏற்பாட்டை ஒரு சார்ட்டில் வரையச் சொல்லுங்கள்.

தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வீட்டுக் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர், தெருக்கோடி போர் தண்ணீர், குளத்துத் தண்ணீர் மூன்றையும் அளந்து எழுதட்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். எண்களை வரைபடத் தாளில் போட்டால் அது கணக்கு வகுப்பு. மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் பட்டால் ஏன் சிவக்கிறது என்று கேட்டால் வேதியியல். நொய்யலில் கலந்த திருப்பூர்ச் சாயக் கழிவும், அது தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவும் சமூக அறிவியல். இதில் இரண்டு பக்கமும் உண்டு: நிலம் கெட்ட விவசாயி, வேலை போன தொழிலாளி. பத்து வயதுப் பிள்ளைக்கு அது புரியும். இன்னும் கிழக்கே போனால் சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணல். அங்கே ஆற்றங்கரையில் மணி செய்தார்கள், இரும்பு உருக்கினார்கள், பானை ஓட்டில் தமிழ்-பிராமி என்ற பழைய எழுத்தில் பெயர் கீறி வைத்தார்கள். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்பார்கள் அறிஞர்கள். அப்பா இரும்பைக் கடைகிறார், அதே ஆற்றங்கரையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பும் ஒருவர் இரும்போடு மல்லுக்கட்டினார் என்று மகளிடம் சொல்லிப் பாருங்கள்.

மழை விடாமல் பெய்து வெளியே போக முடியாத நாளுக்கு வன மரபியல் நிறுவனத்தில் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகம், வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம், கொடிசியா பக்கம் மண்டல அறிவியல் மையம் இருக்கின்றன. திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம்தான், மூன்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வயதில் எழுத்துக் கூட்டிப் படிப்பது கவலைப்பட வேண்டிய ஒன்றல்ல. வீட்டில் ஆங்கிலப் பெட்டி, ஆங்கில வீடியோ என்று இருந்திருந்தால் இன்னும் இயல்பு. 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைத்து அவனை நோகடிக்காதீர்கள். தினமும் இருபது நிமிடம் நீங்கள் வாசியுங்கள், அவன் உங்கள் விரலைப் பார்க்கட்டும். அப்புறம் அவனுக்குத் தெரிந்த ஒரு பக்கத்தை அவனே வாசிக்கட்டும். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படிநிலை பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன. நம் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் இருக்கின்றன. சின்னப் புத்தகங்கள், ஒரே மூச்சில் முடித்துவிடலாம், அந்த வயதில் புத்தகத்தை ‘முடிப்பது’ பெரிய தெம்பு. டவுன் பஸ் பலகை, மளிகைச் சீட்டு எல்லாமும் வாசிப்புதான். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். இப்படி ஆறு மாதம் போன பிறகும் அதே எழுத்துகளில் முட்டுகிறான், பார்த்த சொல்லை மறுநாளே மறக்கிறான் என்றால், தள்ளிப்போடாமல் கண்ணைப் பரிசோதித்துவிட்டு, குழந்தைகள் நல மருத்துவர் மூலம் வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அத்தையிடம் வாதாட வேண்டாம். மளிகைச் சீட்டை அவரிடம் கொடுத்து, பேரனை விட்டு அவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மாதம் ஒரு பழங்கதை அவர் சொல்ல, பேத்தி எழுதட்டும். இரண்டு மாதம் கழித்து வந்தவர்களிடம் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கணவர் கட்டாயம் கேட்பார். முன்னே சொன்ன கல்வி உரிமைச் சட்டம் (2009) பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது, சேர்க்காவிட்டால் தண்டனை என்று எதையும் சொல்லவில்லை. வீட்டுக் கல்விக்கென்று தனி அங்கீகாரமும் கிடையாது. அதே சட்டத்தில் உங்களுக்குப் பயன்படும் ஒரு பிரிவு இருக்கிறது: 6 முதல் 14 வயதுவரை எப்போது பள்ளிக்குத் திரும்பினாலும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே இந்த ஒரு வருடம் சரியாக வராவிட்டாலும் கதவு மூடிவிடாது, அவரிடம் இதைச் சொல்லுங்கள். பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், எமிஸ் எண் (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்), பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். மாற்றுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் பள்ளி திறந்ததும் முதல் வேலையாக அதை வாங்கிவிடுங்கள்.

28,000 ரூபாய்ப் பெட்டியைப் பார்த்துத் தினமும் வயிறெரிய வேண்டாம். அதில் உள்ள லென்ஸ், காந்தம், அளவுக் குவளை, கதைப் புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ரூபாய், பைசாவைத் தாண்டாத பிள்ளைக்கு டாலர், சென்ட் கணக்குப் புத்தகம் எதற்கு? பிரிக்காத பாதியை வீட்டிலேயே படிக்க வைக்கும் வேறு குடும்பம் யாராவது இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்துவிடுங்கள். செப்டம்பர் வரை புதிதாக எதையும் வாங்காதீர்கள், டி.டி.எஸ். மீட்டரைத் தவிர.