ஒரு கண்ணை மூடாமல் நிலாவைப் பார்க்க: நியூட்டோனியனில் பைனோவியூவர்

போன வளர்பிறையில் காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் 8 அங்குல டாப்சோனியனில் பைனோவியூவர் மாட்டி நிலாவைக் காட்டினேன். குழாயின் அடியில் இருக்கும் பெரிய கண்ணாடி ஒளியைக் குவிக்க, மேலே சாய்வாக நிற்கும் சின்னக் கண்ணாடி அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் தொலைநோக்கிதான் நியூட்டோனியன். அதையே எளிய தாங்கியில் வைத்தால் டாப்சோனியன். பைனோவியூவர் என்பது ஒரே தொலைநோக்கியில் இரண்டு கண்ணாலும் பார்க்க ஒளியைப் பிரித்துத் தரும் கருவி. பார்த்துவிட்டுப் போனவர்களும், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

குடியாத்தம்: சார், ஆசைப்பட்டு பைனோவியூவர் வாங்கிவிட்டேன். என்னுடையதும் 8 அங்குல நியூட்டோனியன்தான். ஃபோகசரை, அதாவது கண் வைக்கும் லென்ஸை நகர்த்தும் குழாயை, கடைசி வரை உள்ளே இறக்கியும் நிலா வெறும் வெள்ளை வட்டமாகத்தான் தெரிகிறது. கருவி பழுதா?

பழுது இல்லை. திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பைனோவியூவருக்குள் ஒளி பட்டகங்களில் பட்டுத் திரும்பி இரண்டாகப் பிரிந்து ஐபீஸுக்கு (கண் வைக்கும் லென்ஸுக்கு) வந்து சேர 10, 11 செ.மீ. தூரம் ஓடுகிறது. அந்தத் தூரத்துக்கு உங்கள் ஃபோகசர் உள்ளே போக வேண்டும். பெரும்பாலான நியூட்டோனியன்களில் அதற்கு இரண்டு மூன்று செ.மீ. இடம்தான் இருக்கும்.

உங்கள் குழாயில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று நீங்களே அளந்துவிடலாம். ஐபீஸைக் கழற்றிவிட்டு நிலாவை நோக்கித் திருப்புங்கள். ஃபோகசரை முழுக்க உள்ளே இறக்கிவிட்டு, அதன் வாய்க்கு நேரே ஒரு பட்டர் பேப்பரைப் பிடித்து மெதுவாக வெளியே இழுங்கள். ஓர் இடத்தில் கொண்டைக்கடலை அளவுக்குக் குட்டி நிலா ஒன்று காகிதத்தில் கூர்மையாக விழும். குவியம் அங்கேதான் இருக்கிறது. வாயிலிருந்து அதுவரை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். 3 செ.மீ. வந்தால் இன்னும் 7, 8 செ.மீ. குறைகிறது என்று அர்த்தம்.

அதை ஈடுகட்டச் சுலபமான வழி, பெருக்கத்தைக் கூட்டும் பார்லோ லென்ஸ். சாதாரண 2 மடங்கு பார்லோவின் அடியில் இருக்கும் கறுப்பு லென்ஸ் பகுதி பல மாடல்களில் திருகினால் தனியாக வந்துவிடும். அதை பைனோவியூவரின் மூக்கில், ஃபில்டர் மாட்டும் மரையில் பொருத்துங்கள். பார்லோ குவியத்தை வெளியே தள்ளிவிடுவதால் ஃபோகஸ் கிடைத்துவிடும். ஆனால் ஐபீஸ் பார்லோவிலிருந்து விலக விலகப் பெருக்கம் ஏறும். 2 மடங்கு என்று எழுதியிருப்பது இங்கே ஏறக்குறைய 3 மடங்காக வேலை செய்யும். இன்னொரு நன்மையும் உண்டு. நியூட்டோனியனிலிருந்து வரும் அகலமான ஒளிக்கூம்பு நேராகப் பட்டகத்துக்குள் போனால் கொஞ்சம் நிறம் பிரியும், கூர்மையும் குறையும். பார்லோ அந்தக் கூம்பை ஒடுக்கிக் கொடுப்பதால் படம் சுத்தமாக இருக்கும்.

ராணிப்பேட்டை: பார்லோ வேண்டாம், குறைந்த பெருக்கத்திலேயே இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும். லேத் பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய கண்ணாடியை மேலே ஏற்றிவிடலாமா?

ஏற்றலாம். ஆனால் ஒரு கணக்குப் போட்டுவிட்டு ஏற்றுங்கள். உங்களுடையது f/6, அதாவது குவியதூரம் பெரிய கண்ணாடியின் குறுக்களவைப் போல ஆறு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். சின்னக் கண்ணாடியிலிருந்து குவியம் வரை 215 மி.மீ. இருந்தால், அங்கே ஒளிக்கூம்பின் அகலம் 215-ஐ 6-ஆல் வகுத்த அளவு, சுமார் 36 மி.மீ. பெரிய கண்ணாடியை 90 மி.மீ. ஏற்றினால் அந்தத் தூரம் 305 ஆகிவிடும், கூம்பு 51 மி.மீ. அகலமாகிவிடும். சின்னக் கண்ணாடியின் குறுக்களவு 50 மி.மீ.தான் என்றால், கூம்பின் ஓரம் அதற்கு வெளியே போய்விடும். காசு கொடுத்து வாங்கிய 8 அங்குலம் முழுசாக வேலை செய்யாது.

நான் இந்தக் கணக்கைப் போடாமல் ஒரு குழாயில் செய்துவிட்டேன். பிறகு சின்னக் கண்ணாடியையும் பெரிதாக வாங்க வேண்டியதாயிற்று. அந்தக் குழாயில் சாதாரண ஐபீஸ் போட்டாலும் ஃபோகஸ் வராமல் நீட்டுக்குழாய் ஒன்று தனியாகத் தேவைப்பட்டது. அதனால் முதலில் ஒரு வருடம் பார்லோவோடு பாருங்கள். அப்புறமும் ஆசை இருந்தால் நீளமான போல்ட்டும் ஸ்பிரிங்கும் போட்டுக் கண்ணாடியை ஏற்றுங்கள். தயவுசெய்து குழாயை அறுக்காதீர்கள்.

வாலாஜா: எந்த ஐபீஸ் இரண்டு வாங்கலாம்?

25 மி.மீ. ப்ளாசல் (சாதாரண ஐபீஸ் வகை ஒன்று) ஒரு ஜோடி, ஒரே கம்பெனி, ஒரே மாடலாக வாங்குங்கள். 1200 மி.மீ. குவியதூரத்தில் 3 மடங்கு பார்லோவோடு 144 மடங்கு வரும். நிலாவுக்கும் வியாழனுக்கும் இது அருமையான அளவு. 32 மி.மீ. வாங்காதீர்கள். விலை குறைந்த பைனோவியூவர்களின் உள்வாய் 20 முதல் 23 மி.மீ. வரைதான் இருக்கும், ஓரம் இருட்டிவிடும்.

ஆரணி: எனக்கு இரண்டு நிலா தெரிகிறது அண்ணா. ஒன்று சேரவே மாட்டேன் என்கிறது. தலையும் வலிக்கிறது.

முதலில் கருவியை உங்கள் கண்களின் இடைவெளிக்கு மடக்குங்கள். வலது கண்ணை மூடி இடது பக்கத்துக்கு ஃபோகசரால் கூர்மை பண்ணுங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது ஐபீஸை மட்டும் அதன் வளையத்தால் சரிசெய்யுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

அப்படியும் சேரவில்லை என்றால் ஐபீஸ்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரே ஒரு திருகாணி இருக்கும் மாடல்களில், இறுக்கும்போது ஐபீஸ் லேசாகச் சாய்ந்துவிடும். தளர்த்தி, விரலால் அழுத்தி உட்காரவைத்து, அழுத்தினபடியே இறுக்குங்கள். சுற்றிலும் சமமாகப் பிடிக்கும் வகையில் இந்தத் தொல்லை குறைவு. இதற்கும் மசியவில்லை என்றால் உள்ளே பட்டகம் நகர்ந்திருக்கலாம். கீழே விழுந்த கருவியில் இது சகஜம். வலியோடு பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், வாங்கின இடத்தில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வாணியம்பாடி: கண்ணாடி போட்டிருப்பவர்கள்?

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாக ஃபோகஸ் செய்வதால் அது சரியாகிவிடும். சிலிண்டர் பவர் அதிகம் என்றால் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். அதற்குக் கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் முழுக்கத் தெரிகிற ஐபீஸாக வாங்குங்கள்.

ஆலங்காயம்: எங்கள் ஊர் வானம் நல்ல இருட்டு. நெபுலா, விண்மீன் கொத்தெல்லாம் இதில் எப்படி?

கொடுத்துவைத்தவர் நீங்கள். காவலூர் கண்காணிப்பகத்தை ஜவ்வாது மலையில் கொண்டுவந்து வைத்ததே அந்த வானத்துக்காகத்தான். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் அந்த மலைக்கும் பங்கு உண்டு.

ஆனால் பைனோவியூவரில் ஒரு கண்ணுக்குப் பாதி ஒளிகூட முழுசாக வராது. மங்கலான காலக்சிகளுக்கு ஒற்றை ஐபீஸ்தான். ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்தை மட்டும் விடாதீர்கள். மே மாதம் இரவு பத்து மணி வாக்கில் தெற்கே 30 டிகிரி உயரத்தில் நிற்கும். இரண்டு கண்ணால் பார்த்தால், கோலமாவு சிந்தினது போல நடுவில் குவிந்து ஓரத்தில் உதிரியாகக் கிடக்கும். 10 அங்குலத்தில் பார்த்த அன்று நான் அரை மணி நேரம் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

சத்துவாச்சாரி: கோடையில் வியாழன் தண்ணீருக்குள் இருப்பது போல ஆடுகிறது. பைனோவியூவர் போட்டால் நிற்குமா?

நிற்காது. அது காற்றின் ஆட்டம். நம் ஊரில் பாறை மலையும் மாடித் தளமும் பகல் வெயிலை நடுராத்திரி வரை கக்கிக்கொண்டே இருக்கும். மாடியை விட மண் தரை நல்லது. குழாயை ஒரு மணி நேரம் முன்னாலேயே வெளியே வைத்துவிடுங்கள். பதினொரு மணிக்கு மேல் பாருங்கள். ஆனால் ஒன்று, அதிகப் பெருக்கத்தில் ஒற்றைக் கண்ணில் மிதக்கும் தூசி, நூல் போன்றவை இரண்டு கண்ணில் பெரும்பாலும் உறுத்தாது. அது உண்மையான லாபம்.

ஆம்பூர்: சூரியனைப் பார்க்கலாமா?

குழாயின் முகப்பை முழுக்க மூடும் சூரிய ஃபில்டர் இருந்தால் மட்டும். அது இல்லாமல் ஒரு நொடிகூடக் கூடாது.

போளூர்: நிலா உருண்டையாக, முன்னால் மிதப்பது போலத் தெரிகிறதாமே, நிஜமா? அம்மாவுக்கும் பையனுக்கும் காட்ட வேண்டும்.

தெரிவது நிஜம். இரண்டு கண்ணுக்கும் போவது ஒரே கண்ணாடியின் ஒரே படம், அதனால் கணக்குப்படி ஆழம் கிடையாது. ஆனாலும் மூளை ஆழத்தை உண்டாக்கிக்கொள்கிறது. நவமி, தசமி வாக்கில் கோப்பர்நிகஸ் பள்ளத்துக்கு விடியும்போது காட்டுங்கள். அதன் சுவர் படிப்படியாக உள்ளே இறங்குவதை அம்மா விரலால் தொடப் பார்ப்பார்கள்.

கருவியும் இரண்டு ஐபீஸும் சேர்ந்தால் கனம் அதிகம், டாப்சோனியனின் முன்பக்கம் தாழும். பின்புறம் காந்தமோ மணல் பையோ கட்டிவிடுங்கள். பையனுக்கு என்ன வயது? ஏழெட்டு வயதுக்குக் கீழே என்றால் அவன் கண்களின் இடைவெளிக்குக் கருவி மடங்காமல் போகலாம். அவனுக்கென்று 25 மி.மீ. ஐபீஸ் ஒன்றைத் தனியாகக் கையில் வைத்திருங்கள்.