விடுபட்ட கோணம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை என்று சரியாகச் சொல்கிறாள். படத்தில் ஒரு கோடு கொஞ்சம் வெளியே நீண்டிருந்தால் தடுமாறிப்போகிறாள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: விதி அவளுக்குத் தெரியும், அதை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் குழப்பம். பிள்ளைகள் கேட்ட கோணத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொடுத்த கோணத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

ஏபிசி ஒரு முக்கோணம். ஏபியும் ஏசியும் சமம். அடிப்பக்கம் பிசி, சி-யைத் தாண்டி டி வரை நீள்கிறது. வெளிக்கோணம் ஏசிடி 110 பாகை. ஏ எவ்வளவு?

அவசரப்படும் பிள்ளை 180-இல் 110-ஐக் கழித்து, ஏ-வில் 70 என்று எழுதிவிடும். கழித்தது சரி, எழுதிய இடம் தவறு. 110-உம் முக்கோணத்துக்குள் சி-யில் இருக்கும் கோணமும் ஒரே நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து நிற்கின்றன, இரண்டும் சேர்ந்தால் 180. அதனால் 70 சி-க்கு உரியது. படத்திலேயே அதைக் குறிக்கட்டும். அடுத்து, சம பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம்: ஏபி-க்கு எதிரே சி, ஏசி-க்கு எதிரே பி. ஆக, பி-யும் 70. அப்புறம்தான் முக்கோண விதி வருகிறது: 180-இல் 140 போக ஏ 40 பாகை.

சரிபார்க்கவும் வழி உண்டு. வெளிக்கோணம் உள்ளெதிர்க் கோணங்கள் (அதை ஒட்டாத உட்கோணங்கள், இங்கே ஏ-யும் பி-யும்) இரண்டின் கூடுதலுக்குச் சமம். 40-உம் 70-உம் 110.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘நேர்கோடு’, ‘சம பக்கம்’, ‘முக்கோணம்’ என்று ஒரு காரணம் எழுத வையுங்கள். காரணம் எழுத முடியாத எண் பெரும்பாலும் ஊகம்தான். கோணமானியும் வேண்டாம், இந்தப் படங்கள் அளவுப்படி வரைந்திருக்க வேண்டும் என்பதில்லை.

நேர்கோட்டுக்கும் 180, முக்கோணத்துக்கும் 180 என்பதுதான் அவளைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். ஏ வழியாக பிசி-க்கு இணையாக ஒரு கோடு வரைந்து காட்டுங்கள். பி, சி கோணங்களுக்குச் சமமான ஒன்றுவிட்ட கோணங்கள் (இணைகோடுகளை வெட்டும் கோட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில், இணைகோடுகளுக்கு உள்ளே அமைபவை) ஏ-வின் இரு பக்கமும் வந்து நிற்கும். மூன்றும் சேர்ந்தால் அதே நேர்கோடு! இதை அவள் கையாலேயே ஒருமுறை வரையட்டும்.

பிறகு அதே கணக்கில் வெளிக்கோணத்தை 130 என்று மாற்றிக் கொடுங்கள். ஏ-வுக்கு 80 வர வேண்டும்.