நிறுத்திவிட்டு மறுபடி ஓடுகிறவர்கள் கேட்டவை

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான். ஓட்டத்தை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது, எவ்வளவு போயிருக்கும், எப்போது திரும்ப வரும்? எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எத்தனை வாரம் ஓடவில்லை, எதனால் ஓடவில்லை, அதற்கு முன் வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள் என்ற மூன்றையும் தயவுசெய்து எழுதுங்கள். "கொஞ்ச நாள் கேப்" என்று மட்டும் எழுதினால் அது 10 நாளா 3 வருடமா என்று நான் எங்கே போய்த் தெரிந்துகொள்வது?

வேலை விஷயமாக அலைந்ததில் 10 நாள் ஓடவே இல்லை. எல்லாம் போச்சா?

எதுவும் போகவில்லை. முதல் இரண்டு ஓட்டத்தில் கால் கனமாக இருக்கும், மூன்றாவதில் சரியாகிவிடும். விட்ட கிலோமீட்டரை எல்லாம் இந்த வாரமே சேர்த்து ஓடித் தீர்க்கப் பார்க்காதீர்கள், அது போதும்.

இரண்டே மாதம்தான் நிறுத்தினேன். 5 கிலோமீட்டருக்கே மூச்சு வாங்குகிறது. இவ்வளவு சீக்கிரமா இறங்கும்?

இறங்கும். முதலில் குறைவது ரத்தத்தின் அளவு. தொடர்ந்து ஓடுகிறவர் உடம்பில் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கூடுதலாக இருக்கும், ஓட்டம் நின்ற சில நாளிலேயே உடம்பு அதைக் குறைக்கத் தொடங்கிவிடும். ரத்தம் குறைந்தால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் அளவும் குறைகிறது, அதை ஈடுகட்டத் துடிப்பு ஏறுகிறது, அதனால்தான் பழைய வேகத்தில் ஓடும்போது நிமிடத்துக்கு 10, 15 துடிப்பு கூடுதலாகக் காட்டும். அப்புறம் தசைக்குள் ஆக்ஸிஜனை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் இறங்கும். 1984ல் உடற்பயிற்சி ஆய்வாளர் எட்வர்ட் காயில் குழுவினர், நன்றாகப் பயிற்சி எடுத்த 7 பேரைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி 84 நாள் வரை அளந்தார்கள். விஓ2 மேக்ஸ், அதாவது உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜன் அளவு, முதல் மூன்று வாரத்தில் 7 சதவீதம் இறங்கியது, எட்டு வாரத்தில் 16 சதவீதம், அதற்குமேல் பெரிதாக இறங்கவில்லை. பயிற்சியில் தசைக்குள் உருவான நுண்ணிய ரத்தக் குழாய்கள் அந்த மூன்று மாதமும் அப்படியே இருந்தன. வருடக்கணக்கில் ஓடியவர் ஒருபோதும் ஓடாதவர் நிலைக்கு இரண்டு மாதத்தில் போய்விட மாட்டார். பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் ஆரம்பியுங்கள்.

என் வாட்ச் விஓ2 மேக்ஸ் 48லிருந்து 43க்கு இறங்கிவிட்டதாகச் சொல்கிறது. பயமாக இருக்கிறது.

வாட்ச் அளப்பதில்லை. உங்கள் வேகத்தையும் துடிப்பையும் வைத்துக் கணக்குப் போட்டு ஊகிக்கிறது. வெயில், மேடு, தளர்வான பட்டை, எது இருந்தாலும் எண் மாறும். ஒரு மாதத்துக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து 3 வாரம் படுக்கை. ஓடாமல் இருப்பதும் படுத்தே இருப்பதும் ஒன்றுதானா?

ஒன்றே இல்லை. படுக்கை பல மடங்கு மோசம். 1966ல் அமெரிக்காவின் டல்லாஸில் 5 இளைஞர்களை மூன்று வாரம் படுக்கவைத்துச் சோதித்தார்கள். விஓ2 மேக்ஸ் கால்பங்குக்கும் மேல் விழுந்தது. அதே ஐந்து பேரை 30 வருடம் கழித்து மறுபடி சோதித்தபோது, முப்பது வருட வயது செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. மருத்துவர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து நடங்கள், ஓட்டத்தை அவர் அனுமதித்த பிறகு பார்ப்போம்.

6 மாதம் கழித்து ஆரம்பித்து 4 வாரம் ஆகிறது. பழைய வேகம் வந்துவிட்டது, மூச்சுப் பிரச்சினையே இல்லை. கீழ்க்காலின் உள்பக்கம் மட்டும் லேசாக வலி. 8 வாரத்தில் ஹாஃப் மாரத்தான் இருக்கிறது, ஓடிவிடலாம்தானே?

இந்தக் கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு மாதாமாதம் வருகிறது, ஒவ்வொரு முறையும் வயிறு கலங்குகிறது. நான்கு வாரத்தில் பழைய வேகம் வந்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் கவலை. நெஞ்சு முந்தும், கால் பிந்தும் என்று எத்தனை முறை எழுதிவிட்டேன்! பிளாஸ்மா ஓரிரு வாரத்தில் ஏறிவிடும், இதயமும் தசையும் சில வாரத்தில் தேறிவிடும். ஆனால் எலும்பும், தசையை எலும்போடு கட்டும் நாணும் பழகுவதற்கு மாதக்கணக்கு ஆகும். எலும்பு புதிய சுமைக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும்போது முதலில் பழைய பகுதியைக் கரைக்கும், அப்புறம்தான் புதிதாகக் கட்டும். கரைத்து முடித்துக் கட்டி முடிக்காத அந்த நடு வாரங்களில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. சரியாக அப்போதுதான் மூச்சு நன்றாக வந்துவிட்டதே என்று வேகத்தைக் கூட்டுகிறீர்கள்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், இதே மாதிரி "லேசான வலி" என்றுதான் சொன்னார். கட்டைவிரலை வைத்து எலும்பின் உள்விளிம்பில் கணுக்காலிலிருந்து மேலே அழுத்திக்கொண்டே வந்தேன். ஒரே ஓர் இடத்தில், விரல் நுனி அளவுக்குத்தான் இருக்கும், காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மேலேயும் கீழேயும் வலியே இல்லை. ஸ்கேனில் எலும்பில் விரிசல். மூன்று மாதம் போனது.

நீங்களும் அப்படி அழுத்திப் பாருங்கள். வலி ஒரு சாண் நீளத்துக்குப் பரவி, ஓட ஆரம்பித்துச் சூடானதும் குறைந்தால் பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட் எனப்படும் கீழ்க்கால் எலும்போர வலிதான், ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் அடங்கும். ஒரே புள்ளியில் வலித்தாலோ, ஓட ஓடக் கூடினாலோ, ராத்திரி படுத்திருக்கும்போது வலித்தாலோ இன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் ஆரம்ப விரிசல் பல நேரம் தெரியாது, அதையும் அவரிடம் பேசுங்கள். ஹாஃப் மாரத்தானை விட்டுவிடுங்கள். 6 மாதம் ஓடாத காலுக்கு 12 வாரம் போதாது என்பதுதான் என் கருத்து, வலி இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த மூன்று மாதம் நேரமே கிடைக்காது. குறைந்தபட்சம் எவ்வளவு ஓடினால் தாக்குப்பிடிக்கலாம்?

ஓட்டத்தை நிறுத்துவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொன்றும் அரை மணி. ஆனால் அதில் ஒன்றில் வேகம் இருக்க வேண்டும். உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980களில் செய்த சோதனைகளில் நாளைக் குறைத்தவர்களும் நேரத்தைக் குறைத்தவர்களும் விஓ2 மேக்ஸை 15 வாரம் காப்பாற்றிக்கொண்டார்கள், தீவிரத்தைக் குறைத்தவர்கள்தான் இழந்தார்கள். இது ஏற்கெனவே பயிற்சியில் இருப்பவர்களுக்கு மட்டும். நிறுத்திவிட்டுத் திரும்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வேகமாக ஓடக் கிளம்பாதீர்கள், நெஞ்சு முந்தும், கால் பிந்தும்.

ஓடாத நாளில் சைக்கிள் ஓட்டினால் பலன் உண்டா?

இதயத்துக்கு உண்டு. எலும்புக்கும் நாணுக்கும் தரையில் கால் பதிகிற அடிதான் பயிற்சி, அது சைக்கிளில் கிடைக்காது.

காய்ச்சல் நேற்று விட்டது. நாளை ஓடலாமா?

வேண்டாம். மாத்திரை இல்லாமலே காய்ச்சல் வராமல் இருந்து, பசியும் தூக்கமும் பழையபடி வந்து, சாதாரண நடையில் களைப்பு இல்லையென்றால் சில நாள் கழித்து மெதுவாக ஆரம்பிக்கலாம். நெஞ்சுவலி, படபடப்பு, தலைசுற்றல், இதில் எது இருந்தாலும் முதலில் மருத்துவர். வைரஸ் இதயத் தசையைப் பாதித்திருந்தால் ஓட்டம் ஆபத்து.