செங்கல் புதுசாகத் தெரிகிறதே, பாலம் பழசுதானா?

கேள்வி: அடுத்த மாதம் ரோம் போகிறோம். டைபர் ஆற்றிலுள்ள ஃபாப்ரிசியோ பாலம் 2,000 ஆண்டு பழையது என்கிறார்கள். படத்தில் பார்த்தால் செங்கல் கட்டடம் மாதிரி இருக்கிறது. நிஜமாகவே ரோமானியர் கட்டியதா? ஒரு மணி நேரத்தில் என்ன பார்க்கலாம்?

பதில்: சந்தேகம் நியாயமானதுதான். அந்தச் செங்கல் ரோமானியர் வைத்ததல்ல. 17ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்தபோது போர்த்திய மேல்தோல். உள்ளே இருப்பது எரிமலைக் கல். வளைவின் விளிம்பில் டிராவெர்டைன் என்ற வெளிறிய சுண்ணாம்புக் கற்கள் ஆப்பு ஆப்பாக நெருக்கி நிற்கும். உங்கள் கண் அங்கே போகட்டும்.

அந்த விளிம்புக்கு மேலேயே பெரிய எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது. சாலைகளின் பொறுப்பாளர் லூசியஸ் ஃபாப்ரிசியஸ் கட்டுவித்தார், அவரே சரிபார்த்து ஏற்றுக்கொண்டார் என்கிறது அது. கட்டியவரே சான்றிதழும் கொடுத்துக்கொண்டார்! கட்டியது கி.மு. 62இல். சின்ன எழுத்தில் இன்னொரு வரியும் உண்டு: கி.மு. 21இல் லெபிடஸ், லோலியஸ் என்ற இரு கான்சல்கள் (ரோமின் தலைமை ஆட்சியாளர்கள்) மறுபடி சரிபார்த்திருக்கிறார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் பெருவெள்ளம் வந்து போயிருந்தது.

நம் ஊர்க் கணக்கில் இது இரண்டு கண் பாலம். ஒவ்வொரு கண்ணும் ஏறத்தாழ 24 மீட்டர் அகலம், ஆற்றுக்குள் ஒரே தூண். தூண் குறைந்தால் தண்ணீருக்குத் தடையும் குறைவு. அந்த ஒற்றைத் தூணின் மேல்பாதியிலும் ஒரு சின்ன வளைவைத் திறந்து விட்டிருக்கிறார்கள். சாதாரண நாளில் அது சும்மா இருக்கும்; ஆறு அவ்வளவு உயரம் ஏறினால் தண்ணீர் பாலத்தை முட்டாமல் அதன் வழியே போய்விடும். இத்தனை வெள்ளத்தையும் தாண்டி நிற்பதற்கு இந்த ஓட்டைக்குப் பெரிய பங்குண்டு என்பேன்.

சரி, எங்கே நிற்பது? யூத ஆலயம் இருக்கும் கரையிலிருந்து பாலத்தில் ஏறுங்கள், வண்டிகள் வராது. கைப்பிடிச் சுவரில் நான்கு முகத் தலைகள் இரண்டு உண்டு, குழந்தைகளுக்குப் பிடிக்கும். பாலம் போய்ச் சேர்வது ஆற்றின் நடுவிலுள்ள தீவில்; அதற்குள் போய்ப் படியிறங்கினால் ஆற்றையொட்டிய கல்தளம். வளைவை அண்ணாந்து பார்க்க அதுதான் இடம். ஆறு ஏறியிருந்தால் இறங்க வேண்டாம், கரைச்சாலையிலிருந்தே தெரியும்.

தீவின் மறுபக்கத்து செஸ்தியோ பாலத்துக்கு அதிக நேரம் வேண்டாம்; 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் பிரித்துக் கட்டியது. அப்புறம் தீவின் கீழ்முனைக்குப் போய்ப் பாருங்கள், நடு ஆற்றில் ஒற்றை வளைவு அனாதையாக நிற்கும். 1598 வெள்ளத்தில் உடைந்த எமிலியஸ் பாலத்தின் மிச்சம் அது.