இடித்துவிட்டு ஒரு சின்ன வீடு

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் மென்பொருள் வேலை. இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்பதால் ஊருக்கே வந்துவிட நானும் மனைவியும் முடிவுசெய்திருக்கிறோம். அம்பாசமுத்திரம் பக்கம் எட்டு சென்ட் மனை இருக்கிறது. அதில் தாத்தா 1940களில் கட்டிய பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, 700 சதுர அடியில் சூழலுக்குக் கேடில்லாத சிறிய வீடு கட்ட ஆசை. அப்பாவும் சித்தப்பாக்களும் "கட்டுறதே கட்டுத, மாடியோட 2000 சதுர அடி கட்டு, லோன்தான் குடுக்கானே" என்கிறார்கள். "சின்ன வீடு" என்று சொல்லிச் சிரிப்பு வேறு. மண்ணை அழுத்திச் செய்யும் கல் நல்லதா, ஃப்ளை ஆஷ் கல் நல்லதா? சோலார் பற்றியும் சொல்லுங்கள். சிறிய வீட்டில் வாழ மனதளவில் எப்படித் தயாராவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கல்லுக்குப் பதில் சுருக்கமாக. ஆரோவில்லில் செய்கிற மாதிரியான மண்கல்லுக்குச் சூளை கிடையாது. ஐந்து சதவீதம் போல சிமெண்ட் கலந்து அழுத்தி, தண்ணீர் காட்டிக் காயவிட்டால் போதும். ஃப்ளை ஆஷ் என்றால் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பல் இருக்கிறது. இரண்டும் நல்ல கல்தான், எது பக்கத்திலிருந்து வருகிறதோ அதை வாங்குங்கள். மனதளவில் தயாராவது என்பதெல்லாம் எனக்குப் புரியவில்லை. பெங்களூரில் அரண்மனையிலா இருந்தீர்கள்?

நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. போகிறபோக்கில் "பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது எத்தனை சதுர அடி என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்து வீடுகள் எனக்குத் தெரியும். முன்பக்கத்தில் தார்சா, பட்டாசல் என்கிற கூடம், ஓர் அறை, அடுப்படி. கூட்டினால் எழுநூறு, எழுநூற்றைம்பது வரும். ஆக, எழுநூறு சதுர அடியை இடித்து அதே இடத்தில் எழுநூறு சதுர அடி கட்டப்போகிறீர்கள். இதற்குப் பேர் சூழல் அக்கறை! உங்கள் சித்தப்பாக்கள் மேல்கூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. அவர்கள் பூமியைக் காப்பாற்றப்போவதாகச் சொல்லவில்லையே.

சுவருக்கு என்ன கல் வைத்தாலும் அஸ்திவாரம், சுவரைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பெல்ட், தளம் என்று சிமெண்ட் உள்ளே வந்துவிடும். சிமெண்டுக்காக சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1450 டிகிரியில் வேகவைக்கிறார்கள். உலைப்புகை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கல்லுக்குள்ளேயே இருக்கும் கரியமில வாயு பிரிந்து வெளியே வருகிறது. சிமெண்ட் ஆலை வெளிவிடுவதில் பாதிக்கு மேல் அதுதான். உலையைச் சூரிய ஒளியில் எரித்தாலும் அது நிற்காது. உலகத்தில் மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் இந்த ஒரு பொருளிலிருந்து வருகிறது. உங்கள் தாத்தா வீட்டுக்கான புகையெல்லாம் அவர் காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்கள் புதுக்கணக்கு ஆரம்பிக்கிறீர்கள்.

நாங்குநேரிப் பக்கம் என் அம்மா பிறந்த வீட்டை இடித்தபோது நான் கூடவே நின்றேன். முன்கட்டு முழுக்கச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. பின்னால் குளியலறையும் ஸ்டோர் ரூமும் மாமா பிற்பாடு சிமெண்டில் கட்டிச் சேர்த்தவை. கடப்பாரையைப் போட்டு நெம்பியதும் முன்கட்டுச் செங்கல் முழுசு முழுசாகக் கழன்று வந்தது. வேப்பமரத்தடியில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து, ஒடிந்த அரிவாளால் கல்லில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டி அடுக்கினார்கள். சாயங்காலத்துக்குள் ஆளுயரம் வந்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மாட்டுத்தொழுவம் கட்ட அதை வாங்கிக்கொண்டு போனார். பின்கட்டில் ஒரு கல்கூடத் தேறவில்லை. கல் உடைந்ததே தவிர சிமெண்ட் விடவில்லை. அத்தனையும் டிராக்டரில் ஏறிக் குளத்தங்கரையில் கொட்டப்பட்டது. கதவும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போயின.

அந்த இடத்தில் மாமா கட்டிய வீட்டில் மாடியில் மட்டும் மூன்று அறை. பூட்டியே கிடக்கிறது. கோயில் கொடை விழாவுக்கு வருகிறவர்களுக்காக வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பெருக்கிவிடுவார்கள். அப்போதும் எல்லோரும் கீழே ஹாலில் பாய் விரித்துத்தான் படுக்கிறார்கள். ஏசி அங்கேதானே இருக்கிறது!

கேரளத்தில் செலவு குறைந்த வீடுகள் கட்டிய கட்டடக்கலைஞர் லாரி பேக்கரைப் படித்திருப்பீர்கள். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளில் வீடு கட்ட வேண்டும் என்று காந்தி அவரிடம் சொன்னது, செங்கலைக் குத்தவைத்து நடுவே இடம் விட்டுக் கட்டும் சுவரில் நாலில் ஒரு பங்கு கல் மிச்சமாவது, இதையெல்லாம் ஆளாளுக்குச் சொல்வார்கள். திருவனந்தபுரத்தில் தனக்கென்று கட்டிக்கொண்ட வீட்டில் பழைய கட்டடங்களிலிருந்து கழித்த மரங்களை அவர் எடுத்துப் பயன்படுத்தியது மட்டும் யார் வாயிலும் வருவதில்லை.

அப்பாவிடம் சண்டை போடாதீர்கள். அவர் காலத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் "தளம் போட்ட வீடா?" என்று விசாரித்துவிட்டுத்தான் படியேறினார்கள். ஓட்டு வீட்டுக்காரர் என்று எங்கெங்கே கூசி நின்றாரோ, பாவம். இருபது வயதில் பட்ட கூச்சம்தான் இன்றைக்கு 2000 சதுர அடி கேட்கிறது. அவரை உட்காரவைத்து அந்த வீட்டைப் பற்றிப் பேசவிடுங்கள். மழை வந்தால் எந்த மூலை ஒழுகும் என்று அவருக்குத் தெரியும். கொத்தனாருக்குத் தெரியாது.

எஞ்சினியரைக் கூப்பிட்டால் "இடிச்சிருங்க சார், ரிப்பேர் பண்ற காசுக்குப் புதுசே கட்டிரலாம்" என்பார். அதனால் முதலில் ஆசாரி ஏறிப் பார்க்கட்டும். கூரை தாங்கும் பனங்கை வைரம் பாய்ந்ததாக இருந்தால் கரையான் லேசில் தொடாது. ஓடு உட்காரும் பட்டியல் சட்டம் இற்றுப்போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். சுவர் அடியில் பொரிந்திருந்தால் சிமெண்டைக் குழைத்து அப்பிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும், அப்புறம் உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். நீங்கள் தாத்தா வீட்டைக் குறைசொல்வீர்கள். சுண்ணாம்பே பூசுங்கள். அதுவும் சூளையில் வெந்து வருவதுதான், ஆனால் பூசியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துத்தான் இறுகுகிறது. இருட்டாக இருக்கிறது என்று மனைவி சொன்னால் நாலைந்து கண்ணாடி ஓடு போடுங்கள். புறவாசலில் நல்ல கழிப்பறை ஒன்று கட்டுங்கள். உங்கள் மண்கல் ஆசையை அதில் தீர்த்துக்கொள்ளலாம்.

சுவரே பிளந்து சாய்ந்திருந்தால் இடிக்கத்தான் வேண்டும். அப்போதும் ஜேசிபியை உள்ளே விடாதீர்கள். கையால் பிரித்தால் ஓடும் கல்லும் மரமும் உங்களுக்கே மிஞ்சும்.

சோலார் கேட்டிருந்தீர்கள் இல்லையா? ஓட்டுக்கூரையிலும் வைக்கலாம், கைமரம் தாங்குமா என்று அதே ஆசாரியிடம் கேளுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டு வேலையை முடித்துவிடுங்கள்.